வெள்ளிக்குப் போன கப்பலும் என் பீச்சாங்கையும்

எனக்கு எழுபத்தொன்பது நடக்கிறது. பெற்றது ஆறு, வளர்த்தது ஒன்பது. மூன்று என் கொழுந்தன் பிள்ளைகள். வீட்டில் அவர்களை நான் பிரித்துச் சொன்னதே கிடையாது, எழுதும்போது சரியாக எழுதவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒன்பதும் நல்லபடியாக நிமிர்ந்துவிட்டது. எந்தப் பிள்ளையின் வாசலிலும் போய் நான் கை நீட்டி நின்றதில்லை.

பள்ளிக்கூடம் போனதில்லை. மூத்தவன் ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் எழுதும்போது, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கரித்துண்டால் தரையில் கூடவே எழுதிப் பழகியதுதான் என் படிப்பு. எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். ஆகட்டும். எனக்கு என்ன பஸ்ஸா போய்விடப் போகிறது.

ஒரு பெண்பிள்ளையைப் பற்றி எழுதவேண்டும். ஊமைப்படக் காலத்தில் ஆரப்பாளையத்துக்கு அந்தப் பக்கம், வைகைக் கரை ஓரமாக ஒரு படக் கொட்டகை போட்டிருந்தார்கள். கித்தான் கூரை, மணல் தரை. அதில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழித்தவள் அவள். கேட்டில் நிற்பதால் எல்லோருக்கும் கேட்டு அத்தை. எனக்கு உறவு இல்லை. அப்பா மில்லில் வேலை பார்த்தார், எங்கள் வீடு கொட்டகைக்குக் கூப்பிடு தூரம், அவ்வளவுதான் எங்களுக்குள் சம்பந்தம்.

அந்தக் கொட்டகையை இப்போது உள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கவேண்டும். நடுவில் ஒரு பெரிய வெள்ளைத் துணி தொங்கும். துணிக்கு முன்பக்கம் ஆண்கள், பின்பக்கம் பெண்கள். படம் காட்டும் மெஷின் ஆண்கள் பக்கம் இருக்கும். அந்த வெளிச்சம் துணியில் விழுந்து, துணியைத் தாண்டி, எங்களுக்கும் தெரியும். தெளிவாகத் தெரிய வேண்டுமானால் துணி நனைந்திருக்கவேண்டும். ஒரு சுருள் முடிந்து மறுசுருள் மாட்டுவதற்குள், கேட்டு அத்தை வாளித் தண்ணீரைச் செம்பில் மொண்டு துணி மேல் விசிறி விசிறி அடிப்பாள். நெட்டையான உடம்பு. தண்ணீர் உச்சி வரைக்கும் போகும். முன்வரிசைப் பிள்ளைகள் நனைவதற்காகவே முன்வரிசையில் உட்காரும்.

பின்பக்கத்திலிருந்து பார்ப்பதால் எங்களுக்கு எல்லாம் இடம் வலம் மாறித்தான் தெரியும். சாமி படத்தில் சாமி இடது கையைத் தூக்கி வரம் கொடுக்கும். வயதானவர்கள் சிலர் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டு பதறினார்கள். "சாமி சோத்தாங்கையாலதான் குடுக்குது. துணிதான் திருப்பிக் காட்டுது, பேசாம வாங்கிக்கங்க" என்று அத்தை சமாதானம் சொன்னாள். எங்கள் பக்கத்தில் வலது கைக்குச் சோத்தாங்கை என்று பெயர், சோறு தின்கிற கை. இடது கைக்குப் பீச்சாங்கை. அது என்ன வேலை செய்கிற கை என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஆண்கள் பக்கத்தில் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஒருவர் கதை சொல்வார். எங்கள் பக்கம் அவர் குரலில் பாதி காற்றோடு போய்விடும், மீதியைப் பிள்ளைகளின் அழுகை தின்றுவிடும். அதனால் எங்களுக்குக் கதை சொல்கிறவளும் கேட்டு அத்தையே. ஒவ்வொரு படத்தையும் முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வாள். மறுநாளிலிருந்து, துணியில் நடப்பதற்கு ஒரு மூச்சு முன்னால் சொல்வாள். "இப்ப அவ அழுவா." அவள் அழுவாள். "இப்பக் கதவைத் திறந்துக்கிட்டு மாமனார் வருவாரு." வருவார். துணியில் உள்ளவர்கள் எல்லாம் அத்தை சொல்வதைக் கேட்டுத்தான் நடக்கிறார்கள் என்று சின்ன வயதில் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொட்டகைக்கு வெளியிலும் அத்தையின் பேச்சு அப்படித்தான் இருக்கும். கேட்ட கேள்விக்கு இல்லை என்று அவள் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும் "இன்னும் வரலை" என்பாள். வீட்டில் உப்பு இருக்கிறதா என்றால், இன்னும் வரலை. ஆற்றில் தண்ணீர் இல்லையே என்றால், இன்னும் வரலை. ஒருநாள் படம் நடுவில் ஒரு பெண், "அக்கா, இங்ஙன பாம்பு கீம்பு கிடையாதே?" என்று கேட்டாள். அத்தை துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் வரலை" என்றாள். பாதிப் பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்கள். படம் ஓடிக்கொண்டிருக்க, அவர்களை உட்காரவைப்பதற்கு அத்தை பட்ட பாடு பெரிய பாடு.

சிலர் அவளைச் சீண்டுவதற்காகவே கேட்பார்கள். அவள் புருஷன் கொழும்புக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. கடுதாசி கூடக் கிடையாது என்று ஊருக்கே தெரியும்.

"என்ன அத்தை, மாமா வந்துட்டாகளா?"

"இன்னும் வரலைடி."

"பிள்ளைகுட்டி?"

"அதுவும் வரலை. அவரு வந்தாத்தானே அது வரும்? நீ என்ன, கூட்டிக்கிட்டு வரப் போறியா? கப்பலுக்குச் சொல்லிவிடவா?"

கேட்டவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போவாள். அத்தைக்கு அப்போதே ஐம்பது இருக்கும். முகத்தில் ஒரு வருத்தமும் தெரியாது. அந்தச் சொல்லை வருத்தத்தை மறைக்கிற தட்டியாக வைத்திருந்தாளா, நிஜமாகவே அப்படி நம்பினாளா என்று அப்போது எனக்கு யோசிக்கத் தெரியாது. இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

என் கதைக்கு வருகிறேன். நான் பிறந்ததிலிருந்து பீச்சாங்கைக்காரி. எதை எடுத்தாலும் இடது கைதான் முந்தும். அம்மா அடித்துப் பார்த்தாள். விரலில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். பிறகு பழஞ்சேலையில் கிழித்த துணியால் இடது கையை இடுப்போடு கட்டிவிட்டாள். வாசல் தெளிக்க, தண்ணீர் சுமக்க மட்டும் அவிழ்த்துவிடுவாள். அவளைக் குறை சொல்லி நான் எழுதவில்லை. இடது கையால் பரிமாறுகிற பெண்ணை யார் வீட்டுக்கு எடுப்பார்கள் என்ற பயம் அவளுக்கு.

எனக்குப் பன்னிரண்டு நடக்கும்போது, அலங்காநல்லூரில் வாக்கப்பட்ட என் பெரியம்மா, அம்மாவுக்கு மூத்தவள், ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். அவள் புருஷன் வழியில் ஒரு பையன். நிலம், மாடு, கிணறு எல்லாம் உள்ள வீடு. பையன் வீட்டார் அடுத்த வாரம் வந்து பெண் பார்ப்பதாக ஏற்பாடு. பெரியம்மாவுக்கு என் கை ஒன்றுதான் இடைஞ்சல். அதற்கும் அவளே வழி கொண்டுவந்திருந்தாள். கோச்சடையில் ஒரு வைத்தியர் இருக்கிறாராம். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, மணிக்கட்டுக்குக் கீழே நரம்பு பார்த்து இரண்டு இழுப்பு இழுத்தால் அந்தக் கைக்குப் பலம் குறைந்துவிடுமாம். பிறகு வலது கை தன்னால் பழகிவிடுமாம்.

"விரலு மடங்குமாக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"மடங்காட்டி என்ன? அந்தக் கைக்கு என்ன மடக்கிற வேலை?" என்றாள் பெரியம்மா.

வெள்ளிக்கிழமை போவதென்று முடிவானது. அப்பாவைக் கேட்டதற்கு, பெண்கள் விஷயம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மில்லுக்குப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் கொட்டகைக்கு அந்தப் படம் வந்திருந்தது. சாமி படம் இல்லை, ராஜா படமும் இல்லை. வெள்ளைக்காரர்கள் எடுத்தது. பெயர் எனக்குத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்து நேராக வந்தாலும் திரும்பி வந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான். வாசல் தட்டியில் சுரைக்காய் மாதிரி ஒரு கப்பலும், அதன் வாலில் நெருப்பும் வரைந்து வைத்திருந்தார்கள். டவுனுக்கு வந்த பெரியம்மாவுக்குப் படம் பார்க்காமல் ஊர் திரும்ப மனசில்லை. புதன்கிழமை சாயந்தரம் மூன்று பேரும் போனோம்.

கேட்டில் அத்தை என் கைக்கட்டைப் பார்த்தாள். அம்மாவும் பெரியம்மாவும் இடம் பிடிக்க உள்ளே போய்விட்டார்கள். "இது என்னத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவிழ்த்தாள். நான் அழவில்லை. வெள்ளிக்கிழமை கோச்சடைக்குப் போகிறோம், கையில் கம்பியால் இழுக்கப் போகிறார்கள் என்று சொன்னேன். அத்தை அவிழ்த்த துணியை மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழமைதானே? இன்னும் வரலையே. போ, படம் பாரு."

படம் தொடங்கியது. அத்தை துணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள். "நல்லாக் கேட்டுக்கங்க. இது நடந்த கதை இல்லை. நடக்கிற கதையும் இல்லை. இனிமே நடக்கப் போறது. நாம பேரன் பேத்தி எடுத்து, அதுக பேரன் பேத்தி எடுத்த பொறவு நடக்கும்."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "நடக்காததை எப்படிக்கா படம் புடிச்சாங்க?"

"முந்திப் போய்ப் புடிச்சிட்டு வந்திருக்கான். வெள்ளைக்காரன் எதுக்குத்தான் முந்திப் போகலை?"

வீட்டுக்கு மேல் வீடு, அதற்கு மேல் வீடு, மேகத்துக்கு நடுவில் தண்டவாளம். சுரைக்காய்க் கப்பலில் ஏழெட்டுப் பேர் ஏறி விடிவெள்ளிக்குப் போகிறார்கள். கப்பலை ஓட்டுகிறவள் ஒரு பெண். முடியைக் கத்தரித்திருந்தாள், கால்சட்டை போட்டிருந்தாள், அவளுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பிடி. அவள் பிடியை இழுத்தாள். எங்கள் பக்கம் பார்க்க, இடது கையால் இழுத்தாள். கப்பல் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. அவளைப் போல ஒருத்தியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்தச் சுருள் முடிந்து விளக்கு ஏற்றினார்கள். அத்தை தண்ணீர் விசிறத் தொடங்கினாள். பெரியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

"என்னடி இது, ஓட்டுறவ பீச்சாங்கைச் சிறுக்கியா இருக்கா? பக்கத்துல நிக்கிறவனும் பீச்சாங்கைதான்."

அத்தை செம்பைக் கீழே வைக்காமலே திரும்பினாள். "வரப்போற காலத்துல எல்லாரும் அப்படித்தான்க்கா."

"யாருக்கிட்ட கதை விடுற? துணி திருப்பிக் காட்டுது. சாமி படத்துக்கு வந்தப்ப நீதானே சொன்ன?"

"சாமி படம் நடந்து முடிஞ்ச கதை. சாமிக்கு எந்தக் கைன்னு சந்தேகம்னா கோயிலுக்குப் போயி பாத்துக்கலாம். இது இனிமே நடக்கப் போறது. எந்தக் கோயில்ல போயி பாப்பீக?"

நாற்பது பெண்கள் இருப்பார்கள். சிரிப்பு எழுந்தது. பெரியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வரப்போற காலமா இருந்தா என்னடி? மனுசன் சோறு திங்க மாட்டானா? சோத்தாங்கை இல்லாம எப்படித் திம்பான்?"

"நல்லாக் கேட்டீக. அடுத்த சுருள்ல பாருங்க, சாப்பாட்டு நேரம் வரும். டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு மாத்திரை எடுத்து வாயில போட்டுக்குவாங்க. அம்புட்டுத்தான் சாப்பாடு. உலையும் இல்ல, இலையும் இல்ல. சோறே இல்லாத ஊர்ல சோத்தாங்கை எது, பீச்சாங்கை எது? நீங்களே சொல்லுங்க."

இப்போது சிரிப்பு வரவில்லை. சோறே இல்லாத ஊர் என்பதை எல்லோரும் அவரவர் மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போல. எனக்கும் அந்தக் கணம் வரைக்கும் தோன்றியதில்லை, என் கை கெட்டது என்பது கையில் இல்லை, அதன் பெயரில்தான் இருக்கிறது என்று.

அத்தை செம்பை வாளியில் போட்டாள். பெரியம்மாவுக்கு நேராக வந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்குறேன். கப்பல் ஓட்டுற அந்தப் பொண்ணு நெசமாவே பீச்சாங்கைன்னா, இந்தப் புள்ளை கையை விட்ருவீகளா? கம்பி காய்ச்ச மாட்டீகளே?"

யாருக்கும் தெரியாமல் இருந்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பெரியம்மா கௌரவக்காரி. அவ்வளவு பேருக்கு நடுவில் பின்வாங்க அவளுக்குத் தெரியாது.

"விட்டுர்றேன். என் வாயால சொல்லிட்டேன், விட்டுர்றேன். ஆனா நீ சொன்னாப் பத்தாது. ஆம்பளைக பக்கம் துணி நேராத்தானே இருக்கு, அங்ஙன போயி ஒருத்தி பாத்துட்டு வரட்டும்." அம்மாவின் தோளைத் தொட்டாள். "நீ போடி. உன் மகதானே. என்ன கைன்னு பாத்துட்டு வந்து சொல்லு. நீ சொன்னா நான் கேட்டுக்கிடுறேன்."

பெண்கள் முன்பக்கம் போகிற வழக்கம் கிடையாது. அம்மா கடைக்குக்கூடத் தனியாகப் போகாதவள். கொஞ்ச நேரம் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குள் விளக்கை அணைத்தார்கள். மெஷின் சத்தம் தொடங்கியது. அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். துணியின் ஓரத்துக்கும் கித்தானுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடம் உண்டு. அதில் நுழைந்து போனாள்.

துணியில் சாப்பாட்டு நேரம் வந்தது. ஆளுக்கொரு மாத்திரை போட்டுக்கொண்டார்கள். கேட்டு அத்தை கதை சொல்லவில்லை. நான் பார்த்தவரைக்கும் ஒரு படம் அத்தை சொல்லாமல் தானாக ஓடியது அன்றுதான். கப்பலில் எதுவோ உடைந்தது. ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். கப்பல் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தவழ்ந்து தவழ்ந்து போய்ப் பிடியைப் பற்றினாள், எங்கள் பக்கம் இடது கையால். பிடி அசையவில்லை. நான் என் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

துணி ஓரத்தில் அம்மா தலை தெரிந்தது. குனிந்து நுழைந்து வந்தாள்.

"என்ன கைடி?" என்றாள் பெரியம்மா.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கேட்டு அத்தையையும் பார்க்கவில்லை. அக்காளை நேராகப் பார்த்தாள்.

"பீச்சாங்கைதான்" என்றாள். சேலையைச் சுருட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அத்தை தொண்டையைச் செருமுவது கேட்டது. "இப்பப் பிடி இறங்கும்" என்றாள். இறங்கியது. "இப்பக் கப்பல் நிமிரும்" என்றாள். நிமிர்ந்தது.

பெரியம்மா சொன்ன சொல் மாறவில்லை. மறுநாள் காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டாள், கோபம்தான். அலங்காநல்லூர்ச் சம்பந்தம் வேறு வீட்டுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். என் கையைக் கட்டிய துணியைச் சட்டி பிடிக்கிற கரித்துணி ஆக்கிவிட்டாள். அதற்குப் பிறகு என் கையைப் பற்றி வீட்டில் பேச்சு இல்லை. நாலு வருஷம் கழித்து பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற ஒருத்தருக்கு என்னைக் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று நான் இடது கையால்தான் காப்பி கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் கூட என்றார். அவ்வளவுதான் அவர் கண்ட குறை.

அத்தையிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது கையை மட்டும் இல்லை. ஒன்பது பிள்ளைகளுக்கும் நான் கதை சொன்ன விதமே அவள் விதம்தான். எல்லோர் வீட்டிலும் ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தாராம் என்று சொன்னால், என் வீட்டில் இருப்பாராம். "ஒரு ஊரு வரும். அதுல ஒரு பொண்ணு இருப்பா. அவ ஒரு வண்டி ஓட்டுவா, அதுக்குச் சக்கரம் இருக்காது." பெயர் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். இன்னும் வைக்கவில்லை என்பேன். என் மூன்றாவது மகள் என்னைப்போல் இடது கை. யாரும் அதைக் கட்டவில்லை. அவள் இன்று ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறாள். வலிக்காமல் போடுகிறாள் என்று அவளிடம்தான் வரிசை நிற்கும்.

நிலாவில் மனுஷன் இறங்கிவிட்டான் என்று ரேடியோவில் சொன்ன அன்று தெருவே வாசலில் நின்றது. என் மூத்தவன் மறுநாள் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படித்துச் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கதவை எந்தக் கையால திறந்தானாம்?" என்றேன். "அதெல்லாம் போடலைம்மா" என்றான். அதைப் போடாமல் வேறு என்னத்தைப் போட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அம்மா அன்று பார்த்தது என்ன என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. சாமி படத்தைத்தான் துணி திருப்பும், வரப்போகிற காலத்தைத் துணி திருப்பாது என்று அத்தை சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆன பிறகுதான் விளங்கியது. அப்போது பேசும் படம் வந்துவிட்டது. துணிக்குப் பின்னால் யாரையும் உட்காரவைப்பதில்லை, பெண்களும் முன்பக்கம்தான். ஒரு வெள்ளைக்காரப் படத்தில் ஒருவன் மோட்டார் ஓட்டுகிறான், ஒருத்தி கடிதம் எழுதுகிறாள். எல்லோரும் வலது கை. துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் அத்தனை பேரும் பீச்சாங்கையாகத் தெரிந்திருப்பார்கள். நான் பாதிப் படத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் உடம்புக்கு என்ன என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

மறுநாள் அம்மாவிடம் போனேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீ முன்பக்கம் போயி என்னம்மா பாத்தே?"

அம்மா கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எனக்குக் கால் வலி. கோச்சடை வரைக்கும் உன்னை யாரு நடத்திக் கூட்டிட்டுப் போறது" என்றாள். சாகிற வரைக்கும் அதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை.

கேட்டு அத்தையைக் கடைசியாகப் பார்த்தது உலகச் சண்டைக் காலத்தில். அரிசிக்கு வரிசையில் நிற்கிற காலம். பேசும் படத்துக்குக் கதை சொல்ல ஆள் வேண்டாம் என்று அவளை நிறுத்திவிட்டார்கள். ஆரப்பாளையத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் பனையோலை விசிறியும் வெள்ளரிப்பிஞ்சும் விற்றுக்கொண்டிருந்தாள். நெட்டை உடம்பு கூன் போட்டிருந்தது. என் இடுப்பில் நாலாவது பிள்ளை. என்னை அவளுக்கு முகத்தில் அடையாளம் தெரியவில்லை. வெள்ளரிப்பிஞ்சை வாங்க நான் இடது கையை நீட்டியதும் தெரிந்துவிட்டது.

"அடியே, வெள்ளிக்குப் போற புள்ளையா?"

அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். நான் மனசில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அத்தை, அன்னிக்கு எங்கம்மா வலதுன்னு சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? எல்லாத்துக்கும் பதில் வச்சிருப்பீங்களே. அதுக்கு என்ன வச்சிருந்தீங்க?"

அத்தை விசிறியை நிறுத்தினாள். ஒரு பஸ் வந்து, ஆட்கள் இறங்கி, ஏறி, போயிற்று.

"ஒண்ணுமில்லடி" என்றாள். "ஒண்ணுமே இல்ல. உங்கம்மா அந்தப் பக்கம் போன பொறவு நின்னு யோசிக்கிறேன், யோசிக்கிறேன், ஒண்ணும் வரலை. என் வாயி என்னை விட்டுப் போன நாளு அது ஒண்ணுதான். உன் கையைப் பந்தயம் வச்சிட்டமே, எவளோ பெத்த புள்ளை கையைன்னு செம்பைத் திரும்ப எடுத்துக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டு நின்னேன். உங்கம்மா வந்து அந்தச் சொல்லைச் சொன்னா பாரு, அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. நான் சொன்னது கதை. அவ சொன்னதுதான் நடந்துச்சு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி என்று எதையோ சொல்ல வந்தேன். "போ, புள்ளைக்கு வெயில்" என்று என்னை எழுப்பிவிட்டாள். காசு வாங்கவில்லை. மறுமுறை நான் ஆரப்பாளையம் போனபோது அந்த இடத்தில் வேறு யாரோ பூ விற்றுக்கொண்டிருந்தார்கள். விசாரித்தேன். யாரைக் கேட்கிறீர்கள், பெயர் என்ன என்றார்கள். நின்று யோசித்தேன். அத்தைக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அதனால்தான் இதை எழுதினேன். பெயர் போடாமல் எழுதுகிறேனே என்று இதைப் படிக்கிறவர்கள் குறை சொல்லக்கூடாது.

பேத்திக் கண்ணு, இங்கே வா. எழுதி முடித்துவிட்டேன். முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே, பிறகு திருத்திக்கொள்ளலாம். மெதுவாகப் படி, எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. எங்கம்மா அந்தத் துணி ஓரத்தில் குனிந்து நுழைந்து திரும்பி வருகிற இடம் வரும் பார், அதை மட்டும் இரண்டு தடவை படி.